ஷாங்-சி காமிக்ஸ்: எங்கே தொடங்குவது, எதைத் தாண்டிப் போவது

2021 செப்டம்பரில் வந்த ஷாங்-சி படத்தைப் பார்த்துவிட்டு, ‘இவனோட காமிக்ஸை எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?’ என்று தேடப் போகிறவர்களுக்கு முதல் நாளே தலை சுற்றும். படத்தில் டோனி லியூங் நடித்த அப்பா வென்வூ அந்தப் பெயரில் பழைய காமிக்ஸில் எங்கும் இல்லை. பத்து வளையங்களோ அயன் மேனின் எதிரியான மாண்டரினுடையவை. எழுபதுகளின் இதழ்களைப் புரட்டினால் அப்பாவுக்கு ஒரு பெயர், 2010க்குப் பிறகு வந்தவற்றில் இன்னொரு பெயர். அம்மா ஒரு காலத்தில் அமெரிக்கப் பெண், இப்போது வேறு உலகத்துக்காரி. எழுபதுகளில் வந்த அவனுடைய ‘மாஸ்டர் ஆஃப் குங் ஃபூ’ பத்திரிகையின் முதல் இதழைத் தேடினால் அப்படி ஒன்று அச்சாகவே இல்லை.

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான். ஷாங்-சி மார்வெலின் சொந்தப் பிள்ளை. ஆனால் அவனுடைய அப்பா வாடகைக்கு வந்தவர். வாடகை ஒப்பந்தம் இருந்தவரை ஒரு கதை, முடிந்தபின் இன்னொரு கதை. அதைப் புரிந்துகொண்டால் எதை முதலில் படிப்பது, எதை விடுவது, ஏன் சில இதழ்கள் முப்பது வருடங்களுக்கு மேல் மறுபதிப்பே காணவில்லை என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதல் படி: ஒப்பந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1972இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘குங் ஃபூ’ தொடர் வந்தது. டேவிட் காரடைன் நாயகன். எழுத்தாளர் ஸ்டீவ் எங்கில்ஹார்ட்டுக்கும் ஓவியர் ஜிம் ஸ்டார்லினுக்கும் அப்போது இருபதுகளில் வயது. இருவருக்கும் அந்தத் தொடர் பிடித்துப்போனது. மார்வெல் அதைக் காமிக்ஸாக்க உரிமை கேட்டது. தொடரின் உரிமையாளர் வார்னர் நிறுவனம். டிசி காமிக்ஸும் அதே வார்னர் குடும்பம்தான். போட்டிக் கடைக்காரனுக்கு யார் சரக்கு கொடுப்பார்கள்? இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, சொந்தமாகவே ஒரு குங் ஃபூ வீரனை உருவாக்கிவிடலாம் என்று முடிவானது. இந்தப் பக்கம் மார்வெல் இன்னொரு உரிமையைப் பெற்றிருந்தது: ஆங்கிலேய எழுத்தாளர் சாக்ஸ் ரோமர் படைத்த வில்லன் டாக்டர் ஃபூ மாஞ்சு. புது நாயகனை அந்த வில்லனின், அதுவரை யாருக்கும் தெரியாத மகனாக்கிவிட்டார்கள். அப்பா வில்லன், பிள்ளை நல்லவன். நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஃபூ மாஞ்சு யார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1913இல் முதல் நாவல் வந்தது. உலகையே ஆளத் துடிக்கும் சீன மேதை, விஷமும் சித்திரவதையும் ரகசியச் சங்கமும் அவர் ஆயுதங்கள். அவரைத் துரத்துபவர் நேலேண்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கூடவே டாக்டர் பெட்ரி. கிழக்கிலிருந்து ஆபத்து வருகிறது என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் அன்றைக்குக் கிளப்பிக்கொண்டிருந்த பீதிக்கு அந்த நாவல்கள் முகம் கொடுத்தன. ‘மஞ்சள் அபாயம்’ என்று அதைச் சொல்வார்கள். அச்சு அசலான இனவெறி. ஃபூ மாஞ்சு மீசை என்று தனியே ஒரு மீசை வகையே இருக்கிறது. நாவல்களில் அவருக்கு மீசை கிடையாது, சினிமாக்காரர்கள் ஒட்டிவிட்டது.

வந்த நேரம் நல்ல நேரம். புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று இறந்தார். அடுத்த மாதமே ‘எண்டர் தி டிராகன்’ அமெரிக்காவில் வெளியாகி அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஷாங்-சி கடைக்கு வந்தான். அட்டையில் டிசம்பர் 1973 என்று இருக்கும். அமெரிக்கக் காமிக்ஸ் அட்டையில் போடும் மாதம் விற்பனைக்கு வந்த மாதத்தைவிட இரண்டு மூன்று மாதம் முன்னால் ஓடும். பழைய இதழ்களின் தேதிகளைப் பார்த்துக் குழம்பாமலிருக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எழுபது, எண்பதுகளின் இதழ்களுக்கு நான் தரும் மாதங்களெல்லாம் அட்டை மாதங்களே.

இரண்டாவது படி: ஒரே ஒரு பழைய இதழ்

முதலில் படிக்க வேண்டியது ‘ஸ்பெஷல் மார்வெல் எடிஷன்’ 15ஆம் இதழ். எங்கில்ஹார்ட் எழுத்து, ஸ்டார்லின் ஓவியம், அல் மில்கிராம் மைவேலை (பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டுவது). விலை 20 சென்ட். அதுவரை அந்தப் பத்திரிகை மறுபதிப்புக்கான இடமாகத்தான் இருந்தது. முதலில் தோர் கதைகள், அப்புறம் சார்ஜன்ட் ஃபியூரியின் போர்க்கதைகள். அந்த வரிசையைத் தொடர்ந்து 15 என்ற எண்ணோடு ஷாங்-சி நுழைந்தான். 16இலும் அவன்தான். 17ஆம் இதழில், 1974 ஏப்ரலில், பத்திரிகையின் பெயரே ‘தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஷாங்-சி, மாஸ்டர் ஆஃப் குங் ஃபூ’ என்று மாறியது. எண் மட்டும் தொடர்ந்தது.

எனவே யாராவது ‘மாஸ்டர் ஆஃப் குங் ஃபூ முதல் இதழ், 1973, நல்ல நிலையில் உள்ளது’ என்று விற்க வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். எழுபதுகளின் வரிசையில் 1 முதல் 16 வரை அந்தப் பெயரில் எதுவும் இல்லை. ஓடுகிற பத்திரிகையின் பெயரை மட்டும் மாற்றி எண்ணைத் தொடர்வது அந்தக் காலத்து அமெரிக்கப் பதிப்பாளர்களின் வழக்கம். புதிதாக ஒரு பத்திரிகை தொடங்கினால் தபால் சலுகைக்கு மறுபடி விண்ணப்பம், கட்டணம் என்று வேலை இருந்தது.

கதை எளிமையானது. சீனாவின் ஹோனான் பகுதியில், வெளியுலகம் தெரியாத ஒரு கோட்டைக்குள் ஷாங்-சி வளர்கிறான். அப்பா மகத்தான மனிதர், உலகத்துக்கு நன்மை செய்பவர் என்றே நம்புகிறான். லண்டனில் ஒரு கெட்டவனைத் தீர்த்துவிட்டு வா என்று அப்பா அனுப்புகிறார். அந்தக் கெட்டவன் முதிய டாக்டர் பெட்ரி. காரியத்தை முடித்தபிறகு சக்கர நாற்காலியில் வரும் நேலேண்ட் ஸ்மித்தைச் சந்திக்கிறான். தன் அப்பா உண்மையில் யார் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்பாவின் நியூயார்க் இருப்பிடத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே நுழைகிறான். நடுவில் ஒரு கொரில்லாவோடும் மோதுகிறான். எழுபதுகளின் காமிக்ஸ், கண்டுகொள்ளாதீர்கள். கடைசியில் அப்பா முன்னால் நின்று, இனி நீங்களும் நானும் எதிரிகள் என்று சொல்லிவிட்டு இருளுக்குள் போகிறான்.

இந்த ஒரு இதழைப் படித்ததும் நிறுத்துங்கள். அடுத்தடுத்து 16, 17, 18 என்று போக வேண்டாம். ஆரம்ப இதழ்களில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டார்லின் சீக்கிரமே விலகினார், எங்கில்ஹார்ட்டும் சில இதழ்களோடு போய்விட்டார். 17இல் அறிமுகமாகும் பிளாக் ஜாக் டார் என்ற முரட்டு பிரிட்டிஷ் ஆசாமி பின்னால் முக்கியமாவார் என்பதைத் தவிர அங்கே அவசரமாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

மூன்றாவது படி: 2020க்குத் தாவுங்கள்

இங்கே எனக்கும் பழைய ரசிகர்களுக்கும் ஒத்துப்போகாது. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பார்கள். புதிதாக வருபவர் 1973ஐப் படித்தவுடன் ஜீன் லுவென் யாங் எழுதிய 2020ஆம் ஆண்டின் ஐந்து இதழ்களுக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அவை அந்த 15ஆம் இதழுக்கு எழுதப்பட்ட பதில் போலவே இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அது உறைக்கும்.

யாங் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன். சீன அமெரிக்கச் சிறுவனின் வாழ்க்கையை வைத்து 2006இல் அவர் எழுதி வரைந்த வரைகதை நாவல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வரைகதை அந்தப் பட்டியலுக்குப் போனது அதுவே முதல் முறை. ‘இந்த அப்பாவை என்ன செய்வது?’ என்ற கேள்வியோடு வருவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவர் செய்தது இது. அப்பாவுக்கு இங்கே பெயர் ஜெங் ஸு. இறந்துபோனவர். அவர் விட்டுப்போன ‘ஐந்து ஆயுதங்களின் சங்கம்’ உலகெங்கும் ஐந்து இல்லங்களாகப் பிரிந்து கிடக்கிறது: கை, தடி, குத்துவாள், சுத்தியல், பட்டாக்கத்தி. ஒவ்வொன்றுக்கும் தலைமை ஏற்றிருப்பவர்கள் ஷாங்-சியின் உடன்பிறப்புகள், பாதிப் பேரை அவனுக்கே தெரியாது. சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருப்பவனைத் தேடிக் குடும்பம் வருகிறது. வாரிசு யார் என்ற சண்டை. சுத்தியல் இல்லத்தின் தலைவி ஷி-ஹுவா அவன் சிறுவயதில் பறிகொடுத்த தங்கை.

பழைய கதையில் அப்பா ஒரு வில்லன், அவ்வளவுதான். அவரை எதிர்த்தால் மகன் நல்லவனாகிவிடலாம். புதிய கதையில் எதிர்த்துவிட்டு ஓடிப்போக முடியாது. அப்பா போனாலும் அண்ணன் தம்பி அக்கா தங்கை இருக்கிறார்கள், சொத்து இருக்கிறது, பழி இருக்கிறது. அவர்களில் பிரான்சில் வளர்ந்த எஸ்மே என்ற பெண்ணைக் கவனியுங்கள். வாய் ஓயாத, கத்தி வீசுகிற அந்தப் பெண்தான் முழு வரிசையிலும் எனக்குப் பிடித்த பாத்திரம். நிகழ்காலப் பக்கங்களை டைக் ருவானும் முன்கதைப் பக்கங்களை ஃபிலிப் டானும் வரைந்திருக்கிறார்கள். இரண்டின் கோடும் வேறு வேறாக இருப்பதால் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தலைப்பைப் பார்க்காமலே தெரியும்.

இந்த இதழ்கள் 2020 ஜூனில் வந்திருக்க வேண்டியவை. கொரோனாவால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போயின. ஐந்தும் ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் ஒரே புத்தகமாகக் கிடைக்கும்.

நான்காவது படி: இப்போது பின்னால் போங்கள், 29 முதல் 50 வரை

ஷாங்-சியைக் காமிக்ஸ் வரலாற்றில் நிறுத்தியது இந்தப் பகுதிதான். நேரம் எடுத்துப் படியுங்கள்.

20ஆம் இதழ் வாக்கில் டக் மன்ச் எழுத்தை ஏற்றார்; 1982 இறுதியைத் தாண்டி, 122ஆம் இதழ் வரை அவர்தான். ஒரே ஆள், ஒரே நாயகன், நூறு இதழ்கள். எழுபதுகளின் மார்வெலில் இது அரிது. ஓவியர் பால் குலேசி 18ஆம் இதழிலேயே வந்துவிட்டார். இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம், குங் ஃபூ கதையை உளவாளிக் கதையாக மாற்றியது. ஷாங்-சி நேலேண்ட் ஸ்மித்தோடும் பிளாக் ஜாக் டாரோடும் சேர்ந்து பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக வேலை செய்ய ஆரம்பிக்கிறான், முழு மனதில்லாமல். ‘வஞ்சகமும் சாவும் கலந்த விளையாட்டு’ என்று அந்த வேலையைப் பற்றி அவனே சலித்துக்கொள்வது இதழுக்கு இதழ் வரும். கதை முழுக்க அவன் குரலில், நிகழ்காலத்தில், நிதானமான நீண்ட வாக்கியங்களில் ஓடும். முதலில் கொஞ்சம் கனமாக இருக்கும். மூன்றாவது இதழில் பழகிவிடும்.

29ஆம் இதழில் ரேஸர் ஃபிஸ்ட் அறிமுகம். கைகளுக்குப் பதில் வாள்கள் பொருத்தியவன். படத்தில் பேருந்துச் சண்டையில் வந்தவன் இவனுடைய வழிவந்தவன்தான். 33இல் லெய்கோ வூ வருகிறாள், ஷாங்-சியின் காதலி, அவளும் உளவாளி. அப்புறம் கிளைவ் ரெஸ்டன். இந்த ஆள் தன் அப்பாவைப் பற்றியும் பாட்டன் முறையில் ஒருவரைப் பற்றியும் அங்கங்கே பேசுவான். அப்பா ஜேம்ஸ் பாண்ட், மூத்தவர் ஷெர்லாக் ஹோம்ஸ் என்று வாசகருக்குப் புரியும். பெயரை மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டான். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஃபூ மாஞ்சுவுக்கு உரிமை வாங்கியாயிற்று, இவர்களுக்கு வாங்கவில்லை. ஒரே பத்திரிகையில் ஒரு கடன் வாங்கிய பாத்திரம் முழுப் பெயரோடும், இன்னொன்று ஜாடையோடும் உலவுவது வேடிக்கைதான்.

குலேசிக்கு ஹாலிவுட் பைத்தியம். லார்னர் என்ற பாத்திரத்துக்கு மார்லன் பிராண்டோ முகம், ஜூலியட் என்ற பாடகிக்கு மார்லீன் டீட்ரிச் முகம், ஷாங்-சிக்கோ நாளாக ஆக புரூஸ் லீயின் தோற்றம். இந்த முழுப் பகுதியையும் படிக்க நேரமில்லாதவர்கள் 38, 39 இரண்டையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் ஷென் குய் என்பவனைச் சந்திக்கிறான் ஷாங்-சி. பூனை என்று பட்டப்பெயர். இருவரும் திறமையில் சமம், நேர்மையிலும் சமம், நடுவில் ஜூலியட். 39இல் இருவரும் மோதும் பக்கங்களில் குலேசி ஒரு உதையை ஒரே படமாக வரைந்து முடித்துவிடுவதில்லை. பக்கத்தை ஒடுக்கமான கட்டங்களாக நறுக்கி, கால் எழுவது, இடுப்பு திரும்புவது, பாதம் காற்றில் நிற்பது, அடி விழுவது என்று தனித்தனியாகக் காட்டுகிறார். படிக்கிறவர் கண் இடமிருந்து வலமாக ஓடும் வேகம்தான் அந்த உதையின் வேகம். சினிமாவில் மெதுவோட்டக் காட்சி செய்வதை அசையாத தாளில் செய்திருக்கிறார். சண்டை முடிந்த பிறகும் யார் பக்கம் நியாயம் என்பது தீராமலே நிற்கிறது.

45 முதல் 50 வரை ஃபூ மாஞ்சுவோடு பெரிய மோதல். ஒவ்வொரு இதழும் வேறொரு பாத்திரத்தின் வாயால் சொல்லப்படுகிறது. இத்தனை நாள் ஷாங்-சியின் குரலையே கேட்டுப் பழகியவருக்கு, அவனை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அங்கேதான் கிடைக்கும். 1977 மார்ச்சில் வந்த 50ஆம் இதழோடு குலேசி விடைபெற்றார்.

ஒரு எச்சரிக்கை. பழைய இதழ்களில் ஷாங்-சியின் தோலுக்குப் போட்டிருக்கும் நிறத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பீர்கள். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த, எந்த மனிதத் தோலிலும் இல்லாத ஒரு நிறம். அன்றைய மலிவு அச்சில் நிறங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் அதே அச்சில் வெள்ளையர்களுக்கு மட்டும் மனித நிறம் கிடைத்ததும் உண்மை. எழுத்தில் மன்ச் ஷாங்-சியை முழு மனிதனாக்கினார். வண்ணத்திலும் ஃபூ மாஞ்சுவின் ஒவ்வொரு வருகையிலும் 1913இன் நெடி போகவே இல்லை. நல்ல கதையும் இதுவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தபடிதான் படிக்க முடியும்.

ஐந்தாவது படி: முடிவு வரை போக விரும்புகிறவர்களுக்கு

குலேசிக்குப் பிறகு சில மாதத் தடுமாற்றம், அப்புறம் மைக் ஜெக். திடமான, தெளிவான ஓவியம். குலேசியின் மயக்கம் இதில் இருக்காது. அவசரப்படுகிறவர்கள் இங்கே வேகமாகப் புரட்டலாம்.

நூறைத் தாண்டியதும் மறுபடி வேகத்தைக் குறையுங்கள். கனடாக்காரர் ஜீன் டே, அதுவரை மைவேலை செய்துகொண்டிருந்தவர், முழு ஓவியராகிறார். அவருடைய இரட்டைப் பக்கங்கள் வேறு எந்த மார்வெல் பத்திரிகையிலும் அந்தக் காலத்தில் பார்க்கக் கிடைக்காதவை. இரண்டு பக்கம் முழுக்க ஒரே கட்டடம் அல்லது ஒரே மண்டபம். அதன் மேல் கட்டங்களைப் போட்டுவிடுவார். பின்னணி அசையாது, ஷாங்-சி மட்டும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே போவான். முதலில் முழுப் படத்தைப் பாருங்கள், பிறகு கட்டம் கட்டமாக ஒருமுறை. 115ஆம் இதழில் டெத் டீலர் அறிமுகம். படத்தில் முகமூடியோடு வந்தவன். 1982 நவம்பர் தேதியிட்ட 118ஆம் இதழ், இரட்டை அளவு. அதில் ஃபூ மாஞ்சு சாகிறார். அந்த இதழ் வந்த சமயத்திலேயே, 1982 செப்டம்பரில், ஜீன் டே காலமானார். வயது 31.

மன்ச்சும் போன பிறகு அலன் செலனெட்ஸ் எழுதிய 125ஆம் இதழோடு, 1983 ஜூனில், பத்திரிகை நின்றது. ஷாங்-சி சீனாவில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குப் போய்விடுகிறான்.

ஆறாவது படி: நடுவில் உள்ள வறண்ட காலத்தைத் தாண்டுங்கள்

1983க்கும் 2020க்கும் இடையில் அவனுக்குச் சொந்தமாக நீண்ட வரிசை எதுவும் அமையவில்லை. ஃபூ மாஞ்சுவுக்கான உரிமை மார்வெலின் கையைவிட்டுப் போனது. அத்தோடு இரண்டு கதவுகள் மூடின. புதுக்கதையில் அப்பாவின் பெயரைச் சொல்ல முடியாது. அதைவிட மோசம், பழைய கதைகளை மறுபதிப்பு செய்ய முடியாது, ஏனென்றால் அவர் பெயர் இதழுக்கு இதழ் இருக்கிறது. மற்ற நாயகர்களின் எழுபதுகள் விதவிதமான பதிப்புகளாக வந்துகொண்டிருந்தபோது ஷாங்-சி பழைய புத்தகக் கடைப் பெட்டிகளில் மட்டும் இருந்தான். ஒரு தலைமுறை வாசகருக்கு அவன் மற்றவர் கதைகளில் வந்து நாலு அடி அடித்துவிட்டுப் போகும் ஆள்.

இந்த இடைவெளியில் தேவையானவை மூன்றே. மன்ச்சும் குலேசியும் மறுபடி சேர்ந்து 2002–03இல் பெரியவர்களுக்கான மேக்ஸ் முத்திரையில் செய்த ஆறு இதழ்கள், ஓவியத்துக்காகப் பார்க்கலாம். 2010–11இல் எட் ப்ரூபேக்கர் எழுதிய ‘சீக்ரெட் அவெஞ்சர்ஸ்’ 6 முதல் 10 வரை. இங்கேதான் அப்பாவின் ‘உண்மைப் பெயர்’ ஜெங் ஸு என்று அறிவிக்கப்படுகிறது. பழைய நிகழ்ச்சிகள் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகை மட்டும் மாறும். ரோமரின் நாவல்களிலிருந்து வந்த, ஃபூ மாஞ்சுவின் மகள் ஃபா லோ சுயியும் இதே வழியில் பின்னால் ஜெங் பாவோ யூ ஆனாள். மூன்றாவது, 2011இல் ஸ்பைடர்மேன் தன் அபாய உணர்வை இழந்தபோது ஷாங்-சி அவனுக்குத் தற்காப்புக்கலை சொல்லிக்கொடுக்கும் கதை. இலகுவான, நல்ல பொழுதுபோக்கு.

2017இல் 126 என்ற எண்ணோடு ஒரு தனி இதழ் வந்ததைப் பார்த்துவிட்டுப் பழைய வரிசை மறுபடி தொடங்கியதாக நினைக்க வேண்டாம். மல்யுத்த வீரர் சிஎம் பங்க் எழுதிய ஒற்றை இதழ் அது. பழைய எண்களுக்கு மார்வெல் திரும்பிப் பார்த்த ஒரு சீசனில் வந்தது.

ஏழாவது படி: யாங்கின் மிச்சம்

2020 ஐந்தும் பிடித்திருந்தால் 2021இன் பன்னிரண்டு இதழ்களைத் தொடருங்கள். முதல் பாதியில் இதழுக்கு ஒரு மார்வெல் நாயகன் வருவான்: ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா, வுல்வரின் என்று. எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: ஒரு குற்றக் கூட்டத்தின் தலைமையை ஏற்றுக்கொண்டவனை இனி நம்பலாமா? இரண்டாம் பாதி அம்மாவின் கதை. அவள் பெயர் ஜியாங் லி, ஊர் டா-லோ. 1973இல் சொல்லப்பட்ட அமெரிக்க அம்மா இங்கே சத்தமில்லாமல் காணாமல் போகிறாள். படத்தில் அம்மாவின் கிராமத்துக்கும் அதே பெயர் என்பது நினைவிருக்கலாம்.

பத்து வளையங்கள் ஷாங்-சியிடம் வருவதும் இந்த வரிசையின் கடைசியில்தான். மாண்டரினின் மோதிரங்கள் 1964 முதலே விரலுக்கு ஒன்றாக இருந்தவை. இவை படத்தில் வந்தது போலவே முன்கையில் ஏறும் கனமான வளையங்கள். சினிமா பார்த்து வந்த வாசகருக்காகக் காமிக்ஸ் வளைந்துகொடுத்தது என்று சிலர் குறைபடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த நாயகனே ஒரு டிவி தொடரைப் பார்த்துப் பிறந்தவன்தானே. 2022இல் மார்கஸ் டோ ஓவியத்தில் வந்த ‘ஷாங்-சி அண்ட் தி டென் ரிங்ஸ்’ ஆறு இதழ்கள் அதன் தொடர்ச்சி.

எட்டாவது படி: எதை வாங்குவது

ஃபூ மாஞ்சு விவகாரத்தில் மார்வெல் ஒரு உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் 2016இல் தொடங்கிப் பழைய கதைகள் முதன்முறையாக முழுசாகத் தொகுக்கப்பட்டன. ஆம்னிபஸ் என்ற பெயரில் நான்கு தடித்த கெட்டி அட்டைத் தொகுதிகள். அலமாரியில் கம்பீரமாக நிற்கும். படுத்துக்கொண்டு படித்தால் கை கடுக்கும், விலையும் அதற்கேற்ற கனம். புதியவர் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

அதே கதைகள் 2018 முதல் எபிக் கலெக்‌ஷன் என்ற மெல்லிய அட்டை வரிசையிலும் வந்தன. முதல் தொகுதி ‘வெப்பன் ஆஃப் தி சோல்’, இரண்டாவது ‘ஃபைட் வித்தவுட் பிட்டி’, மூன்றாவது ‘ட்ரெய்ட்டர்ஸ் டு தி கிரவுன்’. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். அது 29ஆம் இதழில் தொடங்குகிறது. பூனையோடு நடக்கும் சண்டையும் 45–50 வரிசையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 15ஆம் இதழுக்காக முதல் தொகுதியைக் கடன் வாங்கினால் போதும்.

டிஜிட்டலில் படிப்பவர்களுக்கு 2020க்குப் பிந்தையவை எல்லாம் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில் உண்டு. சந்தா கட்டும் முன் பழைய இதழ்களின் பட்டியலை அதிலேயே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிச் சேர்க்கும் ஆசை இருந்தால் தனி இதழ்களில் 15ஐயும் 17ஐயும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் வந்த பிறகு எல்லோரும் துரத்துவது ஆரம்ப இதழ்களையே. குலேசியின் நடு இதழ்களும் ஜீன் டேயின் கடைசி இதழ்களும் அந்த அளவுக்குச் சூடாகவில்லை, ஓவியமோ அங்கேதான் உச்சம்.

இன்னொரு பக்கவாசலும் உண்டு. 1974 ஏப்ரலில் மார்வெல் ‘டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங் ஃபூ’ என்ற கறுப்பு வெள்ளைப் பத்திரிகையைத் தொடங்கி 33 இதழ்கள் நடத்தியது. பெரிய அளவு, 75 சென்ட் விலை, காமிக்ஸ் தணிக்கைக் குழுவுக்குக் கட்டுப்படாத வகை. ஷாங்-சி கதைகளோடு சினிமா விமர்சனம், தற்காப்புக்கலைக் கட்டுரை, பேட்டி எல்லாம் கலந்திருக்கும். 19ஆம் இதழில் பில் மாண்ட்லோவும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கிய ஒயிட் டைகர் அறிமுகமானான், போர்ட்டோ ரீகோ வம்சாவளியைச் சேர்ந்த நாயகன். அந்த மஞ்சள் ஆரஞ்சு வண்ணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய ஷாங்-சியை இங்கே கறுப்பு வெள்ளையில் படிக்கலாம். இரண்டு ஆம்னிபஸ் தொகுதிகளாக இதுவும் கிடைக்கிறது.